அரை நகக் கொக்கி

தையல்காரம்மாவின் வாசலில் அந்த வெள்ளைக்கல்லை நட்டபோது அவள் உள்ளே ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து பார்ப்பதற்குள் கல்லைச் சுற்றி சிமென்ட் பூசி முடித்திருந்தார்கள்.

"இது என்ன கல்லு?"

"எல்லைக்கல்லும்மா," என்றார் மேஸ்திரி, கரண்டியைக் கழுவிக்கொண்டே. "நீங்க நிக்கிறது புது மாநிலம். நாங்க நிக்கிறது பழசு."

"அப்ப இந்தக் கல்லு?"

"கல்லு ரெண்டு பேருக்கும் பொது. அதுக்காக மேல உக்காந்துடாதீங்க."

அவர் பக்கத்து வீட்டு வாசலுக்குக் குழி தோண்டப் போய்விட்டார். கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வாய்க்கால் ஓரமாகப் போகும் மாநில எல்லை இந்த இடத்தில் வளைந்து வந்து, தெருவின் ஒரு பக்கத்தில் இருக்கும் முப்பத்தோரு வீடுகளைப் புது மாநிலத்தோடு சேர்த்துக்கொண்டதாக அதில் போட்டிருந்தது. வாழ்த்தும் தெரிவித்திருந்தார்கள். வாசற்படி வரைக்கும் புது மாநிலம், தெரு பழைய மாநிலம். பின்னால் வாய்க்கால், பாலம் கிடையாது. சொந்த மாநிலத்துக்குப் போக வேண்டுமானால் நீந்தித்தான் போக வேண்டும். அப்படிப்பட்ட பகுதியை நிர்வாகம் செய்ய இயலாது என்பதால் முப்பது நாளில் எல்லோரையும் நானூறு கிலோமீட்டர் தள்ளி, புதிய தலைநகரத்துக்குப் பக்கத்தில் குடியமர்த்துவார்கள். வீடுகளை இடித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பெரிய வரவேற்பு வளைவு கட்டப்படும்.

தையல்காரம்மா நோட்டீஸை இரண்டு முறை படித்தாள். பிறகு உள்ளே போய் காலரை முடித்தாள். கை பாட்டுக்குத் தைத்தது. அந்த வீட்டை விட்டுப் போவது என்பதை மட்டும் மனம் எந்தப் பக்கத்திலிருந்தும் தொட மறுத்தது.

மாநிலம் பிரிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. கிழக்கே இருப்பவர்கள் எல்லாவற்றையும் சுருட்டிக்கொள்கிறார்கள் என்று மேற்கே இருப்பவர்களுக்கு வருத்தம். கிழக்கே இருப்பவர்களுக்கும் அதே வருத்தம்தான், திசை மட்டும் வேறு. இது தலைமுறை தலைமுறையாக இருந்த வருத்தம். அதை வைத்துக்கொண்டே கல்யாணம் பண்ணிப் பிள்ளை பெற்று நன்றாகத்தான் இருந்தார்கள். ஒரு திறப்பு விழாவில் மேற்குப் பக்கத்துத் தலைவர் ஒருவருக்குக் கைப்பிடி இல்லாத நாற்காலியைப் போட்டுவிட்டார்கள். தன் மக்களின் நூறாண்டு வேதனை அன்றைக்குத்தான் முழங்கை வழியாக அவருக்குத் தெரிய வந்தது. இப்போது அவரிடம் ஒரு மாநிலமும் கைப்பிடி வைத்த நாற்காலிகள் நாற்பதும் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். எல்லை வளைகிற இடத்துக்கு அப்பால், பழைய மாநிலத்திலேயே பத்திரமாக இருக்கும் ஒரு ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். கையில் கொண்டுவந்த செய்தித்தாளை விரித்து, "பாரும்மா, நம்ம தெருவைப் படம் போட்டிருக்கான்," என்றாள்.

தையல்காரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். வாய்க்கால் ஓரமாகக் கறுப்புக் கோடு ஒழுங்காக வந்தது. அவர்கள் தெருவுக்கு வந்ததும் சட்டென்று வலது பக்கம் சுழித்து, நுனியில் மேல்நோக்கி லேசாகத் தூக்கியது. அரை நகம் அளவுதான் இருக்கும்.

அவள் நிமிரவில்லை.

"என்னம்மா?"

"இது கோடு இல்லடி," என்றாள். "அப்பா."

அவள் புருஷன் நில அளவை அலுவலகத்தில் வரைவாளராக இருந்தவர். கையால் வரைபடம் போடுகிற கடைசி சில பேரில் ஒருவர். அந்த மேசைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் மைக்கோட்டை நிறுத்துகிற இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு கொக்கி போட்டுவிட்டு எழுந்திருப்பார்கள். இத்தோடு நிறுத்தியிருக்கிறேன், நாளைக்கு வருகிறேன் என்று அதற்கு அர்த்தம். மறுநாள் வந்ததும் முதல் வேலையாகக் கொக்கியை அழித்துவிட்டு அங்கிருந்து கோட்டைத் தொடர்வார்கள். அவருக்கு அந்தப் பழக்கம் வீட்டிலும் தொற்றியிருந்தது. படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தின் ஓரத்தில் கொக்கி. பாதி பெயின்ட் அடித்த ஜன்னலில் கொக்கி. கட்டின புதிதில் ஏதோ சண்டையில் பேச்சை நிறுத்தியபோது காலண்டரில் ஒரு கொக்கி போட்டுவிட்டுப் படுத்தார். அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டதால் அந்தச் சண்டை கடைசி வரை முடியவே இல்லை.

வேலையில் அவர் படு மெதுவு. ஒரு நாளைக்கு ஒரு விரற்கடைக் கோடு. "அதுக்குள்ள நான் நாலு சட்டை தச்சுருவேன்," என்று அவள் கேலி செய்வாள். "உன் சட்டை ரெண்டு வருஷத்துல கிழிஞ்சுரும்," என்பார் அவர்.

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு காலையில், செருப்பை மாட்டிக்கொண்டே, "மத்தியானம் கோடு நம்ம வீட்டுக்குப் பின்னாடி வந்துரும்," என்று சொல்லிவிட்டுப் போனார். பிரிக்கலாமா வேண்டாமா என்று அரசாங்கம் அப்போது யோசித்துக்கொண்டுதான் இருந்தது. யோசிப்பதற்கு ஒரு படம் கேட்டிருந்தார்கள். மத்தியானம் அவள் போன் செய்தாள். ஒரு பள்ளிக்கூட மேடைக்குத் திரைச்சீலை, முப்பது மீட்டர் துணி. மடிக்க இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் இல்லை. "சீக்கிரம் வாங்க, எப்பப் பாத்தாலும் கோடு, கோடு," என்று கத்தினாள். அவர் சிரித்துக்கொண்டே, "வர்றேன், கொக்கியைப் போட்டுட்டு வர்றேன்," என்றார். பஸ் நிறுத்தத்தில் பெஞ்சில் உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

அந்தத் துணி இன்றைக்கும் மடிக்காமல் பீரோவுக்கு மேல் கிடக்கிறது.

அவருக்குப் பின்னால் வந்தவர்கள் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவர்கள். "முந்தையவர் விட்ட இடத்திலிருந்து தொடரவும்" என்று மேலிடம் சொன்னதும், கொக்கியின் நுனியிலிருந்து தொடர்ந்திருக்கிறார்கள். நகல் எடுத்தபோது பென்சிலும் மையும் ஒரே கறுப்பாக விழுந்துவிட்டது.

எல்லைக் குழு அலுவலகத்துக்கு மறுநாளே போனாள். அந்தக் கட்டடமும் பிரிந்திருந்தது. ஹாலின் நடுவில் சுண்ணாம்புக் கோடு. மின்விசிறி பழைய மாநிலத்துக்கு, அதன் சுவிட்ச் புதிய மாநிலத்துக்கு. இரண்டு பக்கமும் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். கோட்டைத் தாண்டிப் போக ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி. ஓய்வு பெற எட்டு மாதம் இருந்த பியூன். எந்தப் பட்டியலிலும் அவர் பெயரைச் சேர்க்க மறந்துவிட்டதால் அவர் இரண்டு மாநிலத்துக்கும் சொந்தமில்லாமல் இஷ்டத்துக்கு நடந்தார்.

"நீங்க டிராயிங் சார் வீட்டம்மாதானே?" என்றார் அவர். "சார் மேசை, அவர் கடைசியாப் போட்ட படத்தோட, உள்ள அப்படியேதான் இருக்கு. யாருக்கு மேசைன்னு இன்னும் முடிவாகலை. ரெண்டு மாநிலமும் அறைக்கு ஆளுக்கொரு பூட்டுப் போட்டு வச்சிருக்கு. ரெண்டு சாவியும் ஒரே நேரத்துல வந்து நான் பாத்ததில்ல."

அவள் விஷயத்தைச் சொன்னாள். பியூன் விரலால் காற்றில் ஒரு சுழி போட்டுப் பார்த்தார். "கொக்கி," என்றார். "ஆமா, கொக்கிதான். தெனம் காலையில அழிரப்பர் தூளை நான்தானே கூட்டுவேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, மனு எந்த ஜன்னலில் கொடுத்தால் தொலையாது என்று சொன்னார்.

விசாரணைக்கு நாள் வருவதற்குள் புதிய மாநிலத் தலைவர் தெருவுக்கே வந்தார். வாசற்படிகள் மட்டுமே அவருடைய மாநிலம் என்பதால் மேடையைத் தெருவில் போட முடியவில்லை. மாவு மில்லின் படியில் நின்று பேசினார். பக்கத்தில் ஒரு வரலாற்று அறிஞர். அவர் அந்த வளைவு ஏன் வளைந்தது என்று நானூறு பக்கம் எழுதியிருந்தார். வளைவுக்குள் வாழும் மக்கள் தனி இனம் என்றும், மாவு மில்லில் அவர்கள் வரிசையில் நிற்கும்போது இடது காலில் பாரம் கொடுத்து நிற்பது மேற்குத் திசையின் தொன்மையான அடையாளம் என்றும் கண்டுபிடித்திருந்தார். மில்லின் வலது பக்கம் சாக்கடை என்பதை அவர் ஆராயவில்லை.

"தோழர்களே," என்றார் தலைவர், "இந்த வளைவு சும்மா வந்த வளைவு அல்ல. இதற்காக நாம் எத்தனையோ கொடுத்தோம். இனியும் கொடுப்போம். உங்கள் வீடுகளைக் கொடுப்போம். இந்த ஒரு வளைவுக்காக எத்தனை உயிர்கள் போயின என்று உங்களுக்குத் தெரியுமா?"

"ஒண்ணு," என்றாள் தையல்காரம்மா.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்று இரண்டு பேர் சாமான்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அவள் மட்டும், அவர் வழக்கமாக வீடு திரும்பும் சாயங்காலம் ஆறு மணிக்கு, மூன்று வருடமாகக் கேட்கிற மாதிரியே கேட் கொண்டி விலகும் சத்தத்தைக் கேட்டாள். எழுந்து போய்ப் பார்த்தாள். கல் இருந்தது.

விசாரணைக்கு மகளும் கூட வந்தாள். குழுத் தலைவர் ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. பேசுவதற்கு முன்னால் எப்போதும் பேனாவைத் திறந்து, பேசி முடித்ததும் மூடுவார், எழுதமாட்டார். இரண்டு மாநிலச் செயலாளர்களும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். புது மாநிலத்தின் பக்கத்தில் அந்த வரலாற்று அறிஞரும் இருந்தார்.

"இது உங்க வீட்டுக்காரர் போட்ட குறிதான்னு எப்படிம்மா சொல்றீங்க?"

அவள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள். பழைய காலண்டர். பாதி படித்த புத்தகம். காகிதத்தில் அவர் பாதி வெட்டிக்கொடுத்த ஒரு சட்டைக் கை அளவு. எல்லாவற்றிலும் அதே கொக்கி, நுனியில் அதே தூக்கல். பியூன் யாரும் சொல்லாமலேயே பழைய வரைபடங்கள் ஏழெட்டைக் கொண்டுவந்து விரித்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது, கோட்டின் ஓரத்தில் விரற்கடைக்கு ஒன்றாக அழிக்கப்பட்ட கொக்கிகளின் தடம் தெரிந்தது. தினம் ஒன்று. பாம்பு நகர்ந்த மணல் மாதிரி இருந்தது.

குழுத் தலைவர் ஒரு வரைபடத்தைத் தானே வாங்கிச் சாய்த்துப் பார்த்தார்.

"நான் நானூறு பக்கம் எழுதிட்டேனே," என்றார் வரலாற்று அறிஞர்.

குழுத் தலைவர் பேனாவைத் திறந்தார். "தப்பு நடந்திருக்குன்னு குழு ஒத்துக்க முடியாது. ஒத்துக்கிட்டா திருத்தணும். திருத்தணும்னா எது சரின்னு தெரிஞ்சிருக்கணும். எது சரின்னு தெரியாமத்தானே இந்தக் குழுவையே போட்டாங்க. ஆனா, வேலை இன்னும் முடியலைன்னு தாராளமா ஒத்துக்கலாம். வேலை முடியாம இருக்கிறதுல அரசாங்கத்துக்கு ஒரு அவமானமும் கிடையாது." மூடினார். மறுபடி திறந்தார். "அப்ப கொக்கிக்கு அப்புறம் போட்ட கோடு எதுவும் செல்லாது. விதி பதினாறுப்படி, எல்லைக் கோட்டை ஆரம்பிச்ச கைதான் முடிக்கணும்."

விதி பதினாறுக்கு ஒரு கதை உண்டு. எப்போதோ ஒரு மாவட்டக் கோட்டை இரண்டு பேர் இரண்டு பக்கத்திலிருந்து போட்டு, நடுவில் சேராமல் போய், ஒரு ஊர் ஒன்பது வருடம் எந்த மாவட்டத்திலும் இல்லாமல் இருந்தது. அந்த ஊர் நிம்மதியாக இருப்பதாகத் தகவல் வந்ததும் அரசாங்கம் பதறிப்போய் விதியைப் போட்டது.

"அதனால," என்றார் குழுத் தலைவர், "வரைவாளர் எப்ப வர்றார்?"

மகள் எழுந்தாள். "சார், அப்பா இறந்து மூணு வருஷம் ஆச்சு. சர்ட்டிஃபிகேட் வச்சிருக்கோம்."

தலைவர் அதை வாங்கிப் பார்த்தார். "இது பிரியாத மாநிலம் குடுத்தது. அந்த மாநிலம் இப்ப இல்ல. ரெண்டு மாநிலமும் கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும்."

இரண்டு செயலாளர்களும் ஒரே நேரத்தில் தலையை ஆட்டினார்கள். அவர் இறந்த பஸ் நிறுத்தம் யாருடையது என்று வழக்கு நடக்கிறது. சாவை ஒத்துக்கொண்டால் இடத்தையும் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

"ஆகவே குழுவைப் பொறுத்தவரைக்கும் அவர் இறந்தது நிலுவையில இருக்கு," என்றார் தலைவர். "நீங்கதான்மா எழுதிக் குடுக்கணும். இனிமே வரமாட்டார்னு எழுதினீங்கன்னா, அவர் விட்டதுதான் முடிவான கோடு, கொக்கியும் சேர்த்து. திங்கக்கிழமை வீடு இடிக்க ஆள் வரும். வருவார்னு எழுதினா, அவர் வந்து முடிக்கிற வரைக்கும் ஒரு செங்கல்லை யாரும் தொட முடியாது."

ஒரு வெள்ளைத்தாள் அவள் முன்னால் வந்தது.

போன வருடம்தான் மகள் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அவளைச் சொல்ல வைத்தாள். "அப்பா போயிட்டார்னு உன் வாயால சொல்லும்மா. ஒரு தடவை சொல்லு." சாயங்காலம் வாக்கில்தான் சொன்னாள். அதுவரை வாசலிலேயே விட்டுவைத்திருந்த அவருடைய செருப்பை மகள் எடுத்துப் போனாள். அதற்கப்புறம் தூக்கம் கொஞ்சம் வந்தது.

"அன்னைக்கு நான்தான் போன் பண்ணிக் கூப்பிட்டேன்," என்றாள் தையல்காரம்மா. "துணி மடிக்கணும்னு. இல்லாட்டி அவர் அங்க நிறுத்தியிருக்க மாட்டார். தெருவைத் தாண்டிப் போயிருப்பார். மெதுவாப் போறார்னு திட்டினேன்."

"அது பதிவுக்குத் தேவையில்லம்மா," என்றார் தலைவர்.

மகள் அவள் தோளில் கை வைத்தாள். எழுது என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"இத்தனை வருஷத்துல அவர் போட்ட கொக்கி ஒண்ணுகூடப் பொய்யானதில்லைங்க," என்றாள் அவள். தாளை இழுத்தாள். வருவார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு வருஷம் ஆச்சும்மா, அந்தச் செருப்பை எடுக்க."

"தெரியும்டி."

"இப்ப மறுபடி ஆரம்பிச்சுடாதே."

"நான் ஒருத்தி காத்திருந்தா அது கிறுக்கு. அரசாணை போட்டுக் காத்திருந்தா அது நிர்வாகம்," என்றாள் தையல்காரம்மா. மகளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அரசாணை வந்தது. அவருடைய அறை அவருக்காக ஒதுக்கிவைக்கப்பட்டது. வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் ஏறியது. இரண்டு மாநிலங்களும் எல்லை இல்லாமல், எதற்கும் கையெழுத்துப் போட முடியாமல் உட்கார்ந்திருந்தன. தினம் காலை பத்து மணிக்கு பியூன் தெருவுக்கு வந்து, கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று, உத்தரவில் உள்ளபடி கேட்பார்.

"சார் கெளம்பிட்டாரா?"

"இன்னும் இல்லண்ணே."

"சரிம்மா." நோட்டில் குறித்துக்கொண்டு போய்விடுவார். முதல் வாரம் இருவருக்கும் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. சில நாள் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார். சாமான் கட்டியவர்கள் அவிழ்த்துவிட்டார்கள். இப்படி நாற்பத்தோரு நாள் நடந்தது.

நாற்பத்திரண்டாம் நாள் பியூன் கேட்கவில்லை. கல்லைத் தாண்டி உள்ளே வந்து, கேட்காமலேயே ஸ்டூலில் உட்கார்ந்தார். நோட்டைத் திறக்கவே இல்லை.

"என்னண்ணே, உடம்புக்கு முடியலையா?"

"கோடு நகந்திருக்கும்மா."

அவள் மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னைக்கு ரெண்டு சாவியும் வந்துச்சு. சாரோட அறையைத் தெறந்து படத்தைப் பாக்கணும்னு குழுத் தலைவர் சொன்னார். பூட்டு ரெண்டும் துருப்பிடிச்சு, எண்ணெய் விட்டுத்தான் தெறந்தோம். உள்ள மேசை மேல அழிரப்பர் தூள். கொக்கி இல்ல. அது இருந்த எடத்துலேருந்து மைக்கோடு வாய்க்கால் கரையோட நேராப் போயிருக்கு. உங்க வீடு, தெரு எல்லாம் பழைய மாநிலத்துப் பக்கம். கல்லையெல்லாம் பிடுங்கச் சொல்லி ஆர்டர் அடிச்சிக்கிட்டு இருக்காங்க." அவர் ஒரு விரலை நீட்டிக் காட்டினார். "ஒரு விரக்கடைதான் போட்டிருக்கு. நுனியில புதுசா ஒரு கொக்கி."

"தலைவர் என்ன சொன்னார்?"

"பதிவேட்டுல வருகை போடச் சொன்னார். மூணு வருஷம் தாமதம்னு சிவப்பு மையில குறிச்சிருக்கு. விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்னு நெனைக்கிறேன்."

தெருவில் யாரோ சைக்கிளில் மணி அடித்துப் போனார்கள். தையல்காரம்மா எழுந்து, பீரோவுக்கு மேலிருந்த திரைச்சீலைத் துணியை இறக்கினாள். தூசி கிளம்பியது. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"பதினொரு தாள்மா."

"ஒரு தாள் எவ்வளவு நீளம்?"

பியூன் இரண்டு கையையும் அகட்டி நீளத்தைக் காட்டினார். அவள் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து அந்தக் கைகளுக்கு நடுவில் பிடித்து அளந்தாள். விரலால் எண்ணினாள். ஒரு நாளைக்கு ஒரு விரற்கடை. ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார். அரசு விடுமுறை வேறு. இப்போது இரண்டு மாநிலத்து விடுமுறையும் சேரும். ஒன்றரை வருடம் வரும். கொஞ்சம் கூடவும் ஆகலாம். கடைசித் தாளின் கடைசிக் கோட்டுக்குக் கொக்கி தேவைப்படாது.

"முடிஞ்சா சார் மேசையில ஒரு சீட்டு வைங்கண்ணே," என்றாள். "கையெழுத்து வேண்டாம். அவருக்குத் தெரியும்."

பியூன் நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார்.

"அவசரம் ஒண்ணும் இல்ல, மெதுவாவே போடுங்கன்னு எழுதுங்க." துணியின் ஒரு முனையைத் தேடி எடுத்துத் தாடையில் இடுக்கிக்கொண்டாள். மறு முனையை இரண்டு கையாலும் பிடித்து, எட்டிய வரைக்கும் விரித்தாள். பிறகு முனையைத் தாடையிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னாள்.

"துணியை நானே மடிச்சுக்குறேன்னும் எழுதுங்க."